ஓட்டாத மெமரி டெஸ்ட்

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். அது நானே கட்டிக்கொண்ட பட்டம். இறக்கி வைக்க மனம் வந்ததில்லை. வேலை என்னவோ கடலூரில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பதுதான். என் அக்காவின் கணவர் சிதம்பரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆல்பம் செய்யும் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது என்று மாமா சொன்னபோது, புதிதாக வாங்க வேண்டாம், பிராசஸரை மட்டும் மாற்றினால் பறக்கும் என்று அடித்துச் சொன்னவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றினேன். கொஞ்ச நேரம் பறக்கத்தான் செய்தது. பிறகு நீலத் திரை. மறுபடி போட்டால் மறுபடி நீலத் திரை, மெமரியில் கோளாறு என்றது. ராம் என்கிற மெமரித் துண்டுகள் இரண்டையும் கழற்றி, அக்கா மகளின் ரப்பரால் அவற்றின் தங்கநிறப் பற்களைத் தேய்த்து, இடம் மாற்றிச் செருகினேன். நம் ஊர் கம்ப்யூட்டர் கடைகளில் எல்லாரும் செய்கிற வைத்தியம். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது.

பழைய ராம் புதிய பிராசஸரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க மெமரி டெஸ்ட் ஓட்ட வேண்டும். அதற்கு மணிக்கணக்காகும். நேரம்கூடப் பெரிதில்லை. அதில் கோளாறு என்று சிவப்பு எழுத்து வந்தால், மாற்றச் சொன்னதே தப்பு என்று மாமா முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். டெஸ்ட் போட்டாச்சா என்று மாமா கேட்டார். போட்டாச்சு, ஒன்றுமில்லை என்றேன். அக்கா கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

முகூர்த்த மாதங்களில் ஸ்டுடியோக்காரர்களின் மெமரி கார்டுக்கு ஓய்வே கிடையாது. ஒரு கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கியதும் கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோவார்கள். மாமா இதில் கறார். தனி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு காப்பி போடாமல் எதையும் அழிக்க மாட்டார். ஆனால் அந்த இரண்டு காப்பியும் நான் சரிசெய்த கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயின. ராமில் கோளாறு இருந்தால் அதன் வழியாகப் போகிற படமும் சிதைந்துதான் பதியும்.

கடலூர் முதுநகரில் ஒரு நிக்காஹ். பெண்ணின் அண்ணன் துபாயிலிருந்து அதற்காகவே வந்து, லீவு முடிந்து மறுநாளே திரும்பியிருந்தார். ஆல்பம் போட உட்கார்ந்தபோது படங்கள் பாதி திறக்கவில்லை. திறந்தவற்றில் முகத்துக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. இரண்டு காப்பியிலும் அதே கதி. கார்டிலிருந்து மீட்கலாம் என்றால், அதில் வேறு கல்யாணங்கள் ஏறியிருந்தன.

மாமா கூப்பிட்டதும் ஓடினேன். உள்ளறையில் அன்றைக்கு ஓட்டாத டெஸ்டை ஓட்டினேன். ஆரம்பித்த சூட்டிலேயே திரை சிவந்துவிட்டது. முன்னறையில் பெண்ணின் தகப்பனார் பேசுவது கேட்டது.

"மத்ததெல்லாம் போனா போவுது தம்பி. எம் மவனும் மவளும் சேந்து நிக்கிற ஒரு போட்டோ இருந்தா குடுங்க, போதும்."

"கம்ப்யூட்டர்ல கோளாறு இல்ல பாய்," என்றார் மாமா. "எம் மச்சான் டெஸ்ட் போட்டுத்தான் குடுத்தாரு. எங் கார்டுதான் கெட்டுப்போயிருக்கு. தப்பு என்னுது."

பாய் போனதும் மாமா உள்ளே வந்து, நல்ல கார்டுகளை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்ட ஆரம்பித்தார். அதைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு டெஸ்ட் போடவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"பாய் இன்னும் தெருவத் தாண்டியிருக்க மாட்டாரு. போயி நீயே சொல்லிடு மச்சான்."

ஓடினேன். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தவர், ஸ்டுடியோவிலிருந்து நான் ஓடி வருவதைப் பார்த்து வண்டியை அணைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கெடச்சிடுச்சா தம்பி?"