மஷ்ஹத் மேளம்

தினமும் காலையில் பக்கத்து வீட்டில் மேளம் கேட்கும். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வரும் என் கணவர் தூங்க முடியாமல் புரளுவார்.

"பொறுங்கோ, நிப்பாட்டச் சொல்லிப்போட்டு வாறன்" என்று போய்க் கதவைத் தட்டினேன்.

ஈரானியப் பெண்மணி திறந்தார். மேசையில் போன். அதில் மஷ்ஹத் நகரத்துத் தர்கா நேரலை.

"இங்கே காலை; அங்கே இப்போது பொழுது சாய்கிறது. தர்கா வாசலில் மேளம் அடிக்கிறார்கள். நான் போய்ப் பல வருடம்" என்றார் பிரெஞ்சில்.

சண்டைக்குப் போன நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றேன்.

மேளம் ஓய்ந்ததும், தேநீர் போட அவர் போனைப் பார்த்தபடியே பின்னோக்கி அடுப்படிக்கு நடந்தார்.

"தர்காவுக்கு முதுகு காட்ட மாட்டோம்."

ஊரிலுள்ள நல்லூர்க் கோயில் பூசையை நானும் போனில்தான் பார்ப்பேன், கறி கிளறிக்கொண்டே. அன்றிலிருந்து அடுப்பை அணைத்துவிடுகிறேன். பூசை முடிந்தால் நானும் பின்னோக்கியே நடக்கிறேன்; கதிரைக் காலில் இடிபட்டாலும் திரும்புவதில்லை.