கையெழுத்துக்கு முன்னால் இறங்கிய பலகை

எங்கள் தெருவில் ‘அவசரம்’ என்றால் ரொட்டிக்கடைக்காரியைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பஸ் கண்ணில் படும் முன்பே கையை நீட்டுகிறவள். வேன் டிரைவர் ஒருத்தர் தயங்கித் தயங்கிக் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, அவர் முடிப்பதற்குள் “எனக்குச் சம்மதம்” என்று சொல்லிவிட்டாளாம். அந்த மனிதர் இன்றுவரை மறுபேச்சு பேசியதில்லை. பேச இடம் கிடைத்தால்தானே!

அடுப்பு முன்னால் மட்டும் அவள் வேறு ஆள். மாவு உப்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கடையின் பின்சுவரோடு சேர்த்து அவள் அப்பா செங்கல்லால் கட்டிய அடுப்பு அது. அதைப் பெயர்த்துக்கொண்டு வேறு இடம் போக முடியாது. அப்பாவுக்குக் கை விழுந்த நாளிலிருந்து அதைப் பற்றவைத்தது அவள்தான். மரக்கடையில் வேலை பார்த்த அண்ணன், சூடாக ரொட்டி தின்னத்தான் அந்தப் பக்கம் வருவார்.

அப்பா போனதும் அண்ணன் கேஸ் போட்டார். கட்டடம் முழுக்கத் தனக்கே என்றார். இவள் பதில் கேஸ் போட்டாள். பிறகு சமரசம் பேசுகிறோம் என்று இரண்டு வக்கீல்களும் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ஒரே வரி: ‘இது பேச்சுவார்த்தை மட்டுமே, கையெழுத்தாகும்வரை யாரையும் கட்டுப்படுத்தாது.’ வருஷக்கணக்கில் அந்த வரிதான் போய் வந்தது, வேறொன்றும் நகரவில்லை.

ஒருநாள் கோர்ட்டில் மறுபடியும் வாய்தா. வக்கீல்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். வராந்தா பெஞ்சின் இரண்டு முனைகளிலும் அண்ணனும் தங்கையும். துணைக்குப் போன நான் நடுவில். அவள் கடைக்கு எதிரில் எனக்குப் பெயின்ட் கடை. வியாபாரத்தை விட்டுவிட்டு இந்தக் கூத்தைப் பார்க்க வந்தோமே என்று எரிச்சலாக இருந்தது. அவசரம் திடீரென்று என்னைத் தாண்டி எட்டிப் பேசினாள்.

“அண்ணே, எனக்குக் கடையும் அடுப்பும் போதும். மாடிய நீ எடுத்துக்கோ.”

“கடைப் பேரு?” என்றார் அவர். மகனுக்குச் சந்தையில் ஒரு ரொட்டிக்கடை வைத்துக்கொடுத்திருந்தார்; அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

அது அவர்கள் அப்பாவின் பெயர். அவளுக்குக் கண் கலங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். “அதையும் எடுத்துக்கோ” என்றாள்.

அன்று சாயங்காலமே அண்ணனிடமிருந்து போனில் செய்தி வந்தது. ‘பேசினபடி சரி. கடை, அடுப்பு உனக்கு. மாடி, பேரு எனக்கு. கேஸ முடிச்சுக்கலாம். வக்கீல்கள எழுதச் சொல்றேன்.’ இவள் ‘சரிண்ணே’ என்று அனுப்பிவிட்டு, காலையில் என்னிடம் ஏணி கேட்டு வந்து நின்றாள்.

“அடியே, கையெழுத்து ஆகட்டும்டி!” என்று கத்தினேன்.

“எங்கண்ணன் சொன்னா சொன்னதுதான்க்கா.”

பெயர்ப்பலகையைக் கழற்ற ஏறிவிட்டாள். எங்கிருந்தோ அண்ணனும் ஓடி வந்தார். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். “பாத்து, பாத்து, ஆணி குத்திடப் போகுது!” என்று கீழேயிருந்து ஒரே அதட்டல். பலகை இறங்கியதும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் சந்தைப் பக்கம் நடையைக் கட்டினார்.

ஒப்பந்தத்தை வக்கீல்கள் டைப் அடித்து முடிப்பதற்குள் ஒரு மருந்துக்கடைக் கம்பெனி வந்தது. கட்டடம் முழுசாக வேண்டும், இடித்துக் கட்டுவோம் என்றது. அண்ணன் மனசு மாறிவிட்டது. “அது சும்மா பேசினது. கையெழுத்தா போட்டோம்?” என்று கைவிரித்தார்.

அவசரம் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். கடை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். “அடுப்ப இடிச்சிடுவாங்கக்கா” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அண்ணன் மட்டும் கையில் கிடைத்திருந்தால், ஒரு டப்பா பெயின்ட்டைத் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அவளை இழுத்துக்கொண்டு அவள் வக்கீலிடம் போனேன். சின்னப் பெண்தான். போனில் அண்ணன் அனுப்பிய செய்தியைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

“இத அழிச்சுடாதீங்க! கையெழுத்து போட்டாத்தான் ஒப்பந்தம்னு இல்ல. முக்கியமானது எல்லாத்துக்கும் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதுவே செல்லும். ஆனா அந்தப் பழைய கடிதத்துல இருக்கிற வரிதான் நமக்கு எதிரா நிக்குது.”

விசாரணையன்று அண்ணனின் வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார். கையெழுத்தாகும்வரை எதுவும் கட்டுப்படுத்தாது என்று முதலிலிருந்தே இரண்டு பேருக்கும் தெரியும். எழுதச் சொல்கிறேன் என்றாலே பேச்சு முடியவில்லை என்றுதானே அர்த்தம் என்றார். கேட்கக் கேட்க எனக்கே அது நியாயமாகப் பட்டது. அவசரம் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “எழுதறதுக்குப் பாக்கி இருந்தது, சரி. பேசறதுக்கு ஏதாவது பாக்கி இருந்ததா?”

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். நீதிபதி அண்ணன் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பெயர்ப்பலகை இப்ப எங்க இருக்கு?”

“பையன் கடை வாசல்லங்க.”

“எப்ப மாட்டினீங்க?”

அவர் பெருமையாகவே சொன்னார். “எடுத்துட்டுப் போன அன்னிக்கே மாட்டிட்டேன்ங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் தன் வக்கீலின் முகத்தைப் பார்த்தார். இங்கே என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கைக்கு மட்டும்தான் அவசரம் என்று நாங்கள் இத்தனை நாளாகக் கேலி செய்திருக்கிறோம்! ஏணி யாருடையது, யார் பிடித்தது என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

தீர்ப்பு வந்தது. கடிதத்திலிருந்த வரி வக்கீல்கள் பேசியதற்குத்தான். அதை ஓரம் வைத்துவிட்டு இவர்களே நேரில் பேசி, எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு, அதன்படி நடந்தும் காட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தம் செல்லும். அண்ணனை எப்படிக் கட்டுமோ, தங்கையையும் அப்படியே கட்டும். அடுப்பு அவளுக்கு. அப்பாவின் பெயர் இனி அவளுக்கு இல்லை.

சந்தோஷத்தில் நான் அவளைத் தூக்காத குறை. அவளோ சிரித்துக்கொண்டே அழுதாள்.

கோர்ட் படியில் அண்ணன் கொதித்துக்கொண்டிருந்தார். “உனக்கும் எனக்கும் இன்னியோட முடிஞ்சது! இனிமே உன் கடை வாசப்படிய மிதிக்க மாட்டேன்!”

அவசரம் வழக்கம்போலக் குறுக்கே பாயவில்லை. அவர் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை, மாவு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அண்ணே,” என்றாள், “அதுக்கு நான் சரின்னு சொல்லல.”

அவர் விறுவிறுவென்று இறங்கிப் போனார். மறுநாள் காலை நான் கடை திறக்க வந்தபோது, எதிரே பெயரில்லாத அந்த ரொட்டிக்கடையின் வாசல்படியில் அண்ணன் நின்று, ரொட்டி போட இவ்வளவு நேரமா என்று ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.