எண்ணி முடித்த ஓட்டு

அமெரிக்காவின் பியூட் நகரத்தில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவள் வெர்னா கோஸ்டெல்னிக். கட்சிக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டு, காபி போட்டு, ஒருவழியாக மொன்டானா மாநிலத்தின் சார்பில் தேசியக் கமிட்டிக்கும் போய்விட்டாள். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டில் ஒரு ஓட்டு உண்டு. ஊர் ஜனம் யாருக்குப் போட்டிருந்தாலும் அவள் தன் இஷ்டப்படி போடலாம்.

அந்த வருஷம் ஒரு செனட்டருக்கும் ஒரு கவர்னருக்கும் கடும் இழுபறி. புருஷன் லியோ செத்த பிறகு எட்டு மாதம் ஊமையாகக் கிடந்த டெலிபோன் ஓயாமல் அடித்தது. செனட்டரின் மனைவி அவள் முழங்கால் வலியை விசாரித்தாள். முன்னாள் மந்திரி ஒருவர் தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்று கேட்டார். எலி சும்மாவா அம்மணமாக ஓடும்? வெர்னாவுக்கு அது தெரியும். தெரிந்தும் இனித்தது.

முதல் நாளிலிருந்தே அவள் மனசில் கவர்னர்தான். ஆனாலும் "யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றே ஐந்து வாரம் ஓட்டினாள்.

மாநிலக் கட்சித் தலைவர் டுவெய்ன், அவள் பஸ்ஸில் போய்ப் படித்தவர்தான், சிரித்தார். "வெர்னா, கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு பிகு பண்ண மாட்டா. ஒரு பேரைச் சொல்லித் தொலைங்க."

"சொல்லிட்டா, அப்புறம் நீயா கூப்பிட்டுப் பேசப்போறே?"

டுவெய்ன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கவர்னரே கூப்பிட்டார். லியோவின் கடைசி நாட்களை அவள் சொல்லச் சொல்லக் குறுக்கிடாமல் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் பத்திரிகையில் அவள் பெயர் வந்தது. அதோடு சரி, டெலிபோன் அடிப்பது நின்றுபோனது. ஆறு கடக்கிற வரைக்கும்தானே அண்ணன் தம்பி! மூன்றாவது வாரம், பொறுக்கமாட்டாமல், அவளே கவர்னரின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"உங்க ஓட்டை எண்ணியாச்சும்மா. இனி நீங்க சிரமப்படவே வேணாம்" என்றாள் ஒருத்தி, பாசமாகத்தான்.

வாக்கு மாறினான் என்பதற்காக ஒருத்தனோடு பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள் வெர்னா. அவள்தான் இப்போது செனட்டரின் மனைவியைக் கூப்பிட்டாள்.

"எனக்கு இன்னும் மனசு ஒரு நிலையில நிக்கலம்மா." சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அதுக்கென்ன! நாளைக்கு நானே கூப்பிடறேன். நிதானமா பேசலாம்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் வெர்னா.