மூக்கக்கா முதலில் பேசிய நாள்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. வாசல் காவலாளியிலிருந்து கணக்கர் வரை எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. முதலாளி மட்டும் ‘அம்மா’ என்பார். பழைய ஒயின்களை வாங்கி விற்கும் இடம் அது. மேலே இரண்டு அறைகள், கீழே எப்போதும் குளிர்ந்து கிடக்கும் நிலவறை. வருஷக்கணக்காக வீட்டில் படுத்துக் கிடந்த பாட்டில்களை யாராவது விற்க வந்தால், ஒன்றைத் திறந்து முகர்ந்து, சுவைத்து, தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் அவளுடைய வேலை.

அவள் ஒன்றும் இதற்கென்று படித்துவிட்டு வந்தவள் இல்லை. தொலைபேசி எடுக்கத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் உள்ளறையில் ஒரு பாட்டிலைத் திறந்துவிட்டு இரண்டு பேர் ‘சரியா இருக்கா இல்லையா’ என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, இவள் தன் மேசையிலிருந்தபடியே “யாருங்க ஈரச் சாக்கைக் கொண்டாந்து போட்டது?” என்று கத்தினாள். தக்கை கெட்ட ஒயினுக்கு அந்த வாசனைதான். அன்றோடு தொலைபேசியை வேறொருத்தி எடுக்க ஆரம்பித்தாள். வீட்டில் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “குடிக்கிற வேலையா?” “குடிக்க மாட்டேம்மா, வாயில வச்சிட்டுத் துப்பிடுவேன்.” “துப்புறதுக்கா சம்பளம் குடுக்கிறான்? அவனுக்குப் பைத்தியம், உனக்குமா?” அம்மா சாகும் வரை அக்கம்பக்கத்தில் மகள் ஆபீஸில் டைப் அடிக்கிறாள் என்றே சொல்லி வந்தாள்.

இப்படிப்பட்ட மூக்கு ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

சாதாரணக் காய்ச்சல்தான். கஞ்சியும் மாத்திரையுமாகப் படுத்திருந்து எழுந்தாள். எழுந்த அன்று அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தான். “என்னடி, வீடே கருகுது, மரம் மாதிரி நிக்கிற!” திரும்பிப் பார்த்தால் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கை நுழைத்தாள். வெறும் காற்று. வெங்காயத்தை நசுக்கினாள். கண்தான் எரிந்தது. கடைசியில் புருஷனுடைய வேர்த்துப்போன சட்டையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் பஸ் ஓட்டுகிறவன், எதற்கும் சட்டென்று கலங்குகிறவன் இல்லை. “அதுலயே வரலைன்னா ரொம்ப மோசம்தான்” என்று சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. டாக்டர், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்வதற்கு இவர் எதற்கு, நம் வீட்டுச் சுவரே சொல்லியிருக்கும்!

“ஆபீஸ்ல சொல்லிடு” என்றான் புருஷன்.

“சொன்னா அப்புறம் நான் யாரு?” என்றாள்.

பயம் அவளோடு வேலைக்குப் போக ஆரம்பித்தது. யாராவது “அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றால் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். ஆனாலும் ஒரு வழக்கம் அவளைக் காப்பாற்றி வந்தது. அந்த அறையில் இளையவர்தான் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் மற்றவர்களுடைய மூக்குக்கும் அதே வாசனைதான் அடிக்கும், பயத்தில் சொந்த மூக்கையே மறந்துவிடுவார்கள் என்பதற்காகப் பழைய முதலாளி காலத்தில் போட்ட சட்டம்.

இளையவன் குச்சி. முழுப்பட்டம் ஒட்டடைக்குச்சி. நிலை இடிக்காமல் எந்த வாசலிலும் நுழைய மாட்டான். முப்பது வயது, கல்யாணமாகி ஒரு வருஷம், வேலைக்கு வந்தும் அவ்வளவு காலம்தான். அவன் முகர்ந்துவிட்டு, “காய்ஞ்ச இலை, கொஞ்சம் தோல் வாசனை, நல்லா இருக்குக்கா” என்பான். இவள் கண்ணாடிக் கிண்ணத்தை மெல்லச் சுழற்றி, கண்ணை மூடித் திறந்து, “ஆமா, அடியில காளான் மாதிரி ஒண்ணும் வருது பாரு” என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள். அவனும் மறுபடி முகர்ந்து, “ஆமாக்கா!” என்பான். அவள் சொன்னது வெறும் பழைய ஞாபகம். அவனுக்கு அது வாசனையாகவே வந்தது! ஒவ்வொரு தடவையும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டுக்கொண்டு முகம் கழுவப் போவாள். கை நடுங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே.

அந்த நாளும் வந்தது. ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் கொண்டு வந்திருந்தார். நல்ல தோட்டத்துச் சரக்கு, நாற்பது வயது ஆகிவிட்டது. முதல் நாளே பெட்டியை இறக்கி, ஒரு பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார்கள், வண்டல் அடியில் இறங்கட்டும் என்று. காலையில் குச்சி அதைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வந்து, இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் பக்கவாட்டில் இறக்கி அசைத்து அசைத்து உருவினான். பாட்டில் கழுத்துக்குக் கீழே விளக்கை வைத்துக்கொண்டு, வண்டல் எட்டிப் பார்க்கிற இடத்தில் ஊற்றுவதை நிறுத்தினான். எல்லாம் முறைப்படி நடந்தது.

டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி வாழ்நாள் முழுக்கச் சுருட்டுப் பிடித்தவர். தன் மூக்கை அவரே நம்ப மாட்டார். அதனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குச்சி கிண்ணத்தை மூக்கருகே கொண்டு போனான். ஒரு தடவை இழுத்தான், நிறுத்தினான், மறுபடி இழுத்தான். வாயைத் திறக்கப் போனான்.

“தம்பி, நீங்க இருங்க” என்றார் டாக்டர். “நான் இவங்களைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அம்மா, நீங்க சொல்லுங்க முதல்ல.”

முதலாளி வழக்கத்தைச் சொல்லித் தடுப்பார் என்று அவரைப் பார்த்தாள். வந்தவர் மனம் கோணக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, “சொல்லுங்கம்மா” என்றுவிட்டார் மகராசன்.

வெள்ளைத் தாளின் மேல் கிண்ணத்தைச் சாய்த்தாள். ஓரத்தில் செங்கல் நிறம், கொஞ்சம் பழுப்பும் கூட. வயசுக்கு அது சரிதான். முகர்ந்தாள். வெறும் காற்று. ஒரு மிடறு வாயில் வாங்கி, காற்றை உள்ளே இழுத்து உருட்டினாள். நாக்கு மட்டும் இன்னும் அவள் பக்கம் இருந்தது. புளிப்பு மங்கல், துவர்ப்பு அடங்கிப் பட்டுப்போல், லேசாக ஒரு தட்டைத்தனம். வயசான ஒயின் இப்படித்தான் அடங்கும். அடங்கியதா, செத்ததா? அதைச் சொல்ல வேண்டியது மூக்குதான். துப்பினாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம், ஒரே ஒரு சொல். தொண்டைவரை வந்த அந்தச் சொல்லைப் பயம் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டது.

“நல்லா வயசாகியிருக்கு” என்றாள். “காய்ஞ்ச பழம், பழைய மரப்பெட்டி வாசனை. தேறும்.”

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்குத் தெரியும்! நல்ல கெட்டி அலமாரில வச்சிருந்தேன். சமையலறைச் சுவரை ஒட்டினாப்பல.”

சமையலறைச் சுவரா? சூட்டில் கிடந்தால் ஒயின் வெந்து கெட்டுப்போகுமே. நாற்பது வருஷம் அடுப்புச் சூடு. குச்சியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“நீ என்னப்பா சொல்ற?” என்று கேட்டார் முதலாளி.

குச்சி கிண்ணத்துக்குள் மறுபடி மூக்கை விட்டான். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. “அக்கா சொன்னதுதான் சார்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

விலை பேச முதலாளி டாக்டரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அவள் நடைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே குச்சி வந்தான், வழக்கம் போல நிலையில் இடித்துக்கொண்டு. நெற்றியைத் தடவக்கூட இல்லை.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” அவன் குரல் கம்மியிருந்தது. “எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. மூக்கு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்.”

“என்னடா உளர்ற?”

“நீங்க மரப்பெட்டின்னீங்க. எனக்கு வெறும் வெந்த வாசனைதான் அடிச்சுது. சர்க்கரைப் பாகு தீய்ஞ்சாப்பல. கெட்டுப்போச்சுன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். அப்புறம் நீங்க சொன்னதும் திரும்ப மோந்து பார்த்தேன். அப்பவும் அதேதான் அடிக்குது. போன மாசம் ஜலதோஷம் வந்துச்சுல்ல, அதுல போயிருக்கும். நேத்துதான் வீட்டுல அவகிட்ட சொன்னேன், இந்த வேலைலயே காலத்தை ஓட்டிடலாம்னு. இன்னிக்கே முதலாளிகிட்ட சொல்லிட்டு நின்னுடறேன்க்கா. தப்பா ஏதாவது சொல்லி உங்க பேரும் கெடக் கூடாது.”

அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மறைக்கப் பைக்குள் விட்டுக்கொண்டான். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியாததா என்ன? ஐயோ பாவி, என்ன காரியம் பண்ணினேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கதறியது. நல்ல மூக்கை வைத்துக்கொண்டு இவன் அழுகிறான், இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்லிவிட்டு நிற்கிறேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் போய்விடுவான், அவள் இருப்பாள். ஒரு நிமிஷம் அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்வானேன். வந்த நினைப்பு அவளையே உலுக்கிவிட்டது.

“வா உள்ள” என்று அவன் முழங்கையைப் பிடித்தாள்.

“எங்கக்கா?”

“வான்னா வாடா!”

பக்கத்து அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். முதலாளி பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சொல்லி முடிக்கும் வரைக்குமாவது விழுந்துவிடக் கூடாது என்று நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டாள்.

“சார், நான் சொன்னது பொய். எனக்கு வாசனையே தெரியலை. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியலை. இத்தனை நாளும் இவன் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லிட்டிருந்தேன். இவனைக் கேளுங்க.”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளி எழுந்து போய்க் கிண்ணத்தைத் தானே எடுத்து வந்து குச்சியிடம் நீட்டினார். குச்சி அதை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷம், முதலில் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னாலிருந்து அவன் மூச்சை இழுப்பது கேட்டது.

“வெந்துபோச்சு சார்” என்றான். “சூட்டுல இருந்திருக்கு. பெட்டி முழுக்கப் போயிருக்கும்.” இந்தத் தடவை அவன் குரல் தடுமாறவில்லை.

டாக்டர் “அடடா” என்றார், மெதுவாக. யாரோ தெரிந்தவர் இறந்த செய்தியைக் கேட்டது போல இருந்தது அந்தக் குரல். முதலாளி அவரைப் பெட்டியோடு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதுவரை அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க வீட்டுக்குப் போங்கம்மா” என்றார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். கதவுவரை போனவள் நின்றாள். கேட்காமலே போய்விட்டால் இன்று ராத்திரிக்காவது தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் கேட்டாள்.

“இன்னிக்கு மட்டுமா சார், இல்ல ஒரேயடியாவா?”

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நிமிர்ந்து அவளைப் பார்க்க அவரால் முடியவில்லை.

“தெரியலம்மா” என்றார்.