முடிவைத் தேடிப் போன மோகனராஜ்

மோகனராஜுக்குக் கதை சொல்ல வரும், எழுத வராது. வீட்டு அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஏழு நோட்டுப் புத்தகங்கள் கிடக்கின்றன. ஏழிலும் முதல் பக்கம் மட்டும் எழுதியிருக்கும். ஒன்றில் செவ்வாய் கிரகத்துக்குப் போகிற ஒருவன் பெட்டியைப் பூட்டுகிறான், அதோடு சரி, இன்றுவரை அவன் வாசலைத் தாண்டவில்லை. இந்த விஷயம் மனைவி ருக்குமணிக்குக்கூடத் தெரியாது. தெரிந்தாலும் நோட்டுப் புத்தகத்தின் மீதிப் பக்கங்களைச் சாமான் பட்டியல் எழுத எடுத்துக்கொள்வாள்.

தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. வாரத்தில் ஆறு நாள் அவன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் வந்து உட்கார்ந்தால்தான் அவன் ராஜா. அங்கே பதினோரு வருஷமாக அவன் விண்வெளிக் கதை, மந்திரக் கதை, பேய்க் கதை சொல்லிவருகிறான். தடித்தடி ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து, யாரும் பார்க்காத படங்களைத் தேடிப் பார்த்து, எல்லாவற்றையும் நம் பேச்சில் சொல்வான். ஒரு கதைக்கு மூன்று வாரம்கூட ஆகும்.

கேட்பதற்கு இரண்டு பேர். ஒருவன் அதே தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் சாஹித். பத்தரை மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பான், பதினொன்று ஆனாலும் எழுந்திருக்கமாட்டான். இன்னொருவன் திருநாவுக்கரசு. மோகனராஜுக்கு அவன் வெறும் அரசு. இரண்டு பேரும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அரசுவின் அப்பா பிள்ளைகளைப் படம் பார்க்கவே விடமாட்டார். அதனால் பக்கத்து வீட்டு வீடியோவில் மோகனராஜ் பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்து மறுநாள் இடைவேளையில் இவனுக்குச் சொல்வான். அப்படி ஆரம்பித்தது, முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது அரசு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் கிராணி, ஆபீஸில் கணக்கெழுதுகிற வேலை. தாசேக் கெலுகோரில் வீடு. ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறி வருவது இந்தக் கதைக்காகத்தான், ரொட்டி சானாய்க்காக இல்லை. ரொட்டி அவன் வீட்டுப் பக்கத்திலேயே இதைவிட நன்றாக இருக்கும்.

அரசுவிடம் ஒரு பழக்கம் உண்டு. கதையில் பயம் வந்தால் தன்னையறியாமல் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொள்வான். தொந்தியும் கண்ணாடியுமாக ஐம்பதைத் தொடப்போகிற மனிதன் அப்படிக் குந்தியிருப்பதைப் பார்ப்பதில் மோகனராஜுக்கு இருந்த சந்தோஷம், சம்பளம் கூடியபோதுகூட இருந்ததில்லை.

மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதை சொல்கிறவன் முடிவுக்கு முன்னால் நிறுத்திவிடுவான். மற்றவர்கள் அந்த வாரம் முழுக்க யோசித்து, அடுத்த ஞாயிறு கடைக்காரரிடம் ஆர்டர் சீட்டு ஆளுக்கொன்று வாங்கி, ‘இதுதான் முடிவு’ என்று எழுதி மடித்து நடுவில் வைக்க வேண்டும். சொன்னவன் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துவிட்டு உண்மையான முடிவைச் சொல்வான். ஒரே ஒரு சட்டம்: முடிவைத் தேடிப் பார்க்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவனே மோகனராஜ்தான். ஒருமுறை சாஹித் போனில் தட்டிப் பார்த்துவிட்டு வந்து சரியாக எழுதிவிட்டான். ஒரு மாதம் அவன் சீட்டை மோகனராஜ் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “திருட்டு சாமிக்கே ஆகாது தம்பி” என்று அவ்வளவு பெரிய பேச்சுப் பேசினான்.

தனுஜாவை அழைத்துவந்ததும் அதே சாஹித்தான். தீவுக்குள்ளேயே இருக்கிற கெலுகோரில் யுனிவர்சிட்டி லேபில் வேலை பார்க்கிற பெண், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். காசு மாற்ற வந்தவள் கையில் தடிப் புத்தகம் ஒன்று, அட்டையில் விண்கலம். சாஹித்துக்கு அது போதுமாயிருந்தது. நாலு வாரம் அவள் வாயைத் திறக்காமல் கேட்டாள். மோகனராஜுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அமைதியான, நல்ல பிள்ளை என்று வீட்டில் சொன்னான். ஐந்தாவது வாரம், “அண்ணே, நானும் ஒன்னு சொல்லவா?” என்று கேட்டாள். “தாராளமா சொல்லு தங்கச்சி” என்றான். அந்தத் தாராளத்தை நினைத்து அவன் பிறகு எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டான் என்பதற்குக் கணக்கில்லை.

அவள் சொன்ன கதை இதுதான். எங்கோ ஒரு குளிர் நாட்டில் பெரிய ஏரி. ஏரியைக் கடக்க ஒரு ஃபெரி. அதில் ஒரு கிராணி. ஏறும்போது ஆட்களை எண்ணுவான், இறங்கும்போது எண்ணுவான். தினமும் இறங்குகிறவர்களில் ஒரு ஆள் குறையும். ஆனால் யாரும் யாரையும் தேடி வருவதில்லை. காணாமல் போனவர்களை ஊரே மறந்துவிடுகிறது. கிராணியின் நோட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மட்டும்தான் அது தெரியும். ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போகிறான். அவனும் மனைவியும் மட்டும் இருக்கிற வீடு. குவளையில் மூன்று டூத் பிரஷ் இருக்கிறது. மூன்றாவது, சின்னது.

அரசுவின் கால்கள் மேலே போயின.

சும்மா போகவில்லை, விருட்டென்று போயின. தே தாரேக் டீ கிளாஸ் ஆடி, கொஞ்சம் மேசையில் சிந்தியது. “அடியே, நான் இப்ப திரும்பி ஃபெரிலதான் போவணும்லா!” என்று கத்தினான். சாஹித் விழுந்து விழுந்து சிரித்தான். மோகனராஜும் சிரித்தான், கண் மட்டும் அந்தக் கால்களிலேயே நின்றது. அவன் கதைக்கு அந்தக் கால்கள் எழும்பி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வயசாகிவிட்டது, மூட்டு வலியாக இருக்கும் என்று அவன் தன்னைத்தானே சமாதானப்படுத்தி வைத்திருந்தான். மூட்டில் ஒன்றும் கோளாறில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

கிராணி அந்தச் சின்ன பிரஷ் யாருடையது என்று கண்டுபிடிக்கப் போகிறான் என்ற இடத்தில் தனுஜா நிறுத்தினாள். “அடுத்த வாரம் சீட்டு” என்றாள். எழுந்து போகும்போது அரசு மோகனராஜின் தோளைத் தட்டி, “என்னாமா சொல்றா பாத்தியாடா” என்றான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் இந்தத் தோளைத் தட்டி இன்னொருவரைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. மோகனராஜ் அந்தத் தோளோடு வீட்டுக்குப் போனான், சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் அவன் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு அவளை நினைத்தான். அவள் தமிழில் ஒன்றும் பெரிய அழகில்லை, குரலும் சன்னம், கையைக்கூட ஆட்டவில்லை. இவன் பேய்க்குத் தனிக் குரல், கிழவனுக்குத் தனிக் குரல் என்று பதினோரு வருஷம் தொண்டை கிழியச் சொன்னதற்கு என்ன மரியாதை? புத்தகம் நல்ல புத்தகம், அதுதான் விஷயம், அவளிடம் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினான். அந்தப் புத்தகம் மட்டும் தன் கையில் முதலில் கிடைத்திருந்தால் அரசு மேசை மேலேயே ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். நினைக்க நினைக்க, அதைப் பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. படிக்க இல்லை, சும்மா பார்க்க.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு சௌராஸ்டா சந்தை மாடிக்குப் போனான். பழைய புத்தகக் கடைகள் அங்கேதான். இரண்டு மணி நேரம் தூசியில் குனிந்து கிடந்தான். கடைசியில் கிடைத்தது, அட்டை பாதி கிழிந்த ஆங்கில நாவல் ஒன்று. குளிர் நாடு, ஏரி, ஃபெரி, காணாமல் போகிற ஆட்கள். கீழே வந்து ஒரு தூணோரமாக நின்றே கடைசி முப்பது பக்கத்தைப் படித்தான்.

வீட்டில் ருக்குமணி, “என்னாங்க, இந்த வயசுல எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீங்க?” என்றாள்.

“சும்மாலா.”

“சும்மா படிக்கிற மொகமா இது? திருட்டு மொகமால்ல இருக்கு.”

அவள் அதைச் சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். மோகனராஜ் கண்ணாடிப் பக்கம் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சீட்டு வந்தது. மோகனராஜ் ஒரே மூச்சில் எழுதி மடித்தான். அவன் மனசில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது: அவள் இவன் சீட்டைப் பிரிப்பாள், முகம் வெளுக்கும், “எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?” என்பாள், அரசு இவனைத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பலுக்காகத்தான் எல்லாம்.

தனுஜா முதலில் சாஹித்தின் சீட்டைப் படித்தாள். மனைவிதான் பேய் என்று எழுதியிருந்தான். எந்தக் கதைக்கும் அவன் அப்படித்தான் எழுதுவான். அரசு, அந்தக் குழந்தை திரும்பி வந்துவிடும் என்று எழுதியிருந்தான். அதுவும் வழக்கம்தான். மூன்றாவதாக மோகனராஜின் சீட்டு. “ஏரிக்கு அடியில் வேற்றுக் கிரகத்துக் கப்பல் ஒன்று நூறு வருஷமாகப் புதைந்திருக்கிறது. அதற்குத் தினமும் ஒரு மனித ஞாபகம் வேண்டும். கடைசியில் ஹெரால்டு தன் ஞாபகத்தைத் தானே கொடுத்து எல்லாரையும் மீட்கிறான்” என்று உரக்கப் படித்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

“ஹெரால்டு யாருண்ணே?”

மோகனராஜுக்கு ஒரு கணம் கேள்வியே புரியவில்லை. “அதான், கிராணி.”

“நான் கிராணிக்குப் பேரே சொல்லலியே.”

பக்கத்து மேசையில் யாரோ பரோட்டாவுக்குக் குழம்பு கேட்பது தெளிவாகக் கேட்டது. சாஹித் மெல்ல நாற்காலியில் சாய்ந்தான். “அண்ணே” என்றான், “திருட்டு சாமிக்கே ஆகாதுன்னு யாரோ சொன்னாங்களே, நல்ல மனுசன், பேரு மறந்துபோச்சு.” மோகனராஜின் காது இரண்டும் சுட்டன. பூமி பிளந்து விழுங்கவில்லை, விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எந்த பொஸ்தகத்துலண்ணே பாத்தீங்க?” தனுஜாவின் குரலில் கேலி இல்லை. அவள்தான் பயந்துபோயிருந்தாள். “ஏன்னா… நீங்க பாத்தது வேற ஏதோ பொஸ்தகம், இந்தக் கதைக்குப் பொஸ்தகமே இல்ல. நானே கட்டுன கதைண்ணே. சொந்தக் கதைன்னா நீங்கள்லாம் கேப்பீங்களான்னு தெரியல, அதான் எங்கியோ படிச்ச மாரி சொன்னேன். குளிர் நாடு, ஏரின்னு மாத்திவுட்டேன். நம்ம ஃபெரிதான் அது. டெய்லி அக்கரைலேருந்து அதுலதான் வேலைக்கு வர்றேன்.”

சொந்தக் கதை. மோகனராஜுக்குத் திருடி மாட்டிக்கொண்டது கூடப் பெரிதாகப் படவில்லை, இதுதான் நெஞ்சில் இறங்கியது. புத்தகம் நல்ல புத்தகம், அவளிடம் ஒன்றுமில்லை என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தானே, அந்தப் பிடியும் போய்விட்டது. ஏழு நோட்டுப் புத்தகமும் சட்டைகளுக்கு அடியிலிருந்து அவனைப் பார்த்துச் சிரித்தன.

அவன் அரசுவைப் பார்த்தான். அரசு சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தச் சீட்டைத் தனுஜாவிடமிருந்து வாங்கி, தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தானே ஒருமுறை படித்தான்.

“டேய்” என்றான். “நீ சொன்ன கதைக்கெல்லாம் என்னைக்காச்சும் நான் முடிவு சரியா எழுதியிருக்கேனா?”

“இல்ல.”

“எங்கிட்டயும் ஹேன்போன் இருக்கு. ரெண்டு தட்டு தட்டுனா எந்தப் படத்தோட முடிவும் வந்துரும். ஒரு வாரம் பூரா வீட்ல மண்டைய ஒடச்சுக்குவேன், எம் பொண்ணு, ‘அப்பா, நான் பாத்துச் சொல்லவா’ம்பா. கைய வைக்காதன்னு ஏசிருவேன். ஒன் வாயாலதான் கேக்கணும்னுடா. நான் முட்டாளுன்னு நெனச்சியா?”

அரசு சீட்டை மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தனுஜா பக்கம் திரும்பினான். “நீ முடிவச் சொல்லு புள்ள. நாங்க இருக்கோம்.”

அவள் தயங்கி மோகனராஜைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். அவளும் சொன்னாள். கிராணி ஒரு விஷயம் கண்டுபிடிக்கிறான்: எண்ணும்போது தான் முகம் பார்க்காமல் விடுகிற ஆள்தான் காணாமல் போகிறார். அந்தச் சின்ன பிரஷ்ஷுக்குச் சொந்தமான தன் பிள்ளையையும் ஒருநாள் அப்படித்தான் எண்ணிவிட்டிருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, நலம் கேட்டு ஏற்றுகிறான். அன்று யாரும் குறையவில்லை. எத்தனை பேர் ஏறினார்களோ அத்தனை பேரும் இறங்கினார்கள். சந்தோஷமாக வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்கிறாள். “யார் நீங்க?” என்று கேட்கிறாள். ஃபெரியில் அவன் முகத்தை யாருமே பார்த்ததில்லை.

அரசு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். மோகனராஜ் அவனைப் பயமுறுத்தியிருக்கிறான், சிரிக்கவைத்திருக்கிறான், அழவைத்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அதுதான் மரியாதை. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

“எனக்கு ஒம்மேல பொறாமையா இருக்கு தனுஜா. நீ கதை சொன்ன நாள்லேருந்து. நீ சொல்லும்போது அரசு ஒன்னையே பாக்குறான். என்னால அது தாங்க முடியல. நல்ல பொஸ்தகமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஒன் கதையா இருக்கக் கூடாதுன்னு.”

சாஹித் மணியைப் பார்க்க மறந்தான். தனுஜா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்காமல், எந்தப் படத்திலிருந்தும் எடுக்காமல், அந்த மேசையில் மோகனராஜ் பேசியது அன்றுதான். அவன் குரலில் பேயும் இல்லை, கிழவனும் இல்லை.

அரசு துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

“ம், அப்புறம்?” என்றான்.