பதினேழாம் எண்ணின் பயிற்சி

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். தலையில் அடிபட்டதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் உளறல் என்று என் மைத்துனனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அடிபட்டது உண்மை. இதுவும் உண்மை.

நான் பஸ் டிரைவர். பத்தொன்பது வருட சர்வீஸ். வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து, பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்தபோது கை கால் நன்றாகத்தான் இருந்தது. மூளைதான் மெதுவாகிவிட்டது. "உங்கப்பாகிட்ட இன்னிக்கு ஜோக் சொன்னா நாளைக்குத்தான் சிரிப்பாரு" என்று மனைவி மகளிடம் கேலி செய்வாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுவாள்.

அதற்காக ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் எனக்கு வேகப் பயிற்சி கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஏதாவது ஒரு மூலையில் கார் படம் மின்னி மறையும். கண்டதும் மேசை மேலுள்ள சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். நாம் வேகமானால் படமும் வேகமாகும். அரை விநாடிக்குள் அழுத்தினால் மறுபடி பஸ் ஓட்டலாம். இல்லாவிட்டால் வேலை போய்விடும். பதினோரு முறை உட்கார்ந்தும் நான் முக்கால் விநாடிக்குக் கீழே வரவே இல்லை. பன்னிரண்டாவது முறைதான் கடைசித் தேர்வு.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு ஃபைல். முடித்ததும் ஃபைலை மூடிவிட்டுத்தான் எழ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் தெரியாமல் அதிலேயே ஆரம்பித்துவிடுவார். இதைப் பயிற்சி கொடுக்கும் அம்மா தினமும் தலைபாடாக அடித்துக்கொள்வார். என் எண் 23.

தேர்வு நாள். மாலை 5.40. அந்த அம்மாவுக்கு போன் வந்தது.

"கொஞ்சம் பழகிட்டு இருங்க. வந்து டெஸ்ட் வைக்கிறேன்."

அறையில் நான் மட்டும். திரையில் 'தொடரலாமா?' என்று இருந்தது. எண்ணைப் பார்க்காமல் 'ஆம்' கொடுத்துவிட்டேன்.

படங்கள் பறந்தன. கண்ணில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. இது என் வேகமே இல்லையே... திரையின் மேலே பார்த்தேன். எண் 17.

யாரோ மூடாமல் போயிருக்கிறார். மூடுவதற்காக வலது கையை மவுஸுக்குக் கொண்டுபோனேன்.

டிக்.

பட்டன் சத்தம். என் இடது கை மடியில் இருந்தது.

டிக்... டிக்...

பட்டன் தானாக அமுங்கி, தானாக எழுந்தது. திரையில் 0.31. பிறகு 0.28.

பட்டன் பழுதாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த ஃபைலை மூடினேன். 23ஐத் திறந்தேன். சத்தம் நின்றது. 5.52க்கு அந்த அம்மா வந்தார். தேர்வு ஆரம்பமானது.

முதல் படம் மின்னியது. நான் அழுத்துவதற்குள்...

டிக்.

என் விரல் பட்டன் மேல்தான் இருந்தது. பட்டன் முதலில் கீழே போனது. விரல் அதன் பின்னே போனது.

கழுத்தில் மட்டும் குளிர்ந்தது.

டிக்.

டிக்.

0.24.

"பாஸ்!" என்றார் அந்த அம்மா. "என்ன ஆச்சு இன்னிக்கு உங்களுக்கு?"

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

வேலையில் சேர்ந்த ஒன்பதாம் நாள். காலை 7.15. பஸ் நிறையக் கூட்டம். நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குறுக்கே ஓடி வந்தாள். பஸ் குலுங்கி நின்றது.

"நல்ல நேரத்துல பிரேக் போட்டீங்கண்ணே" என்றார் கண்டக்டர்.

குனிந்து பார்த்தேன். என் கால் இன்னும் ஆக்சிலேட்டர் மேல்தான் இருந்தது. பக்கத்தில் பிரேக், தரையோடு அமுங்கிக் கிடந்தது.

இன்று மாலையே பயிற்சியம்மா போன் செய்தார்.

"டெஸ்ட் அன்னிக்குப் பதினேழைத் திறந்தீங்களா?"

"தெரியாம திறந்துட்டேம்மா. யாரோ மூடாம போயிட்டாங்க."



"பதினேழாம் நம்பர்காரரும் டிரைவர்தான். கடைசி டெஸ்டுக்கு முந்தின நாள் இறந்துட்டாரு. ஏழு மாசம் ஆச்சு. ஃபைலை அழிக்க வேணாம்னு அவர் சம்சாரம் கெஞ்சினாங்க, விட்டுவச்சோம். இன்னிக்குத்தான் உள்ளே பாக்குறேன்... இறந்த மறுநாள்லேருந்து தினமும் 5.40க்குப் பயிற்சி பதிவாயிருக்கு. ரூம் பூட்டியிருக்கிற ஞாயித்துக்கிழமைகூட."

"இன்னிக்கு வரைக்குமா?"

"இல்ல. நீங்க பாஸான நாளோட நின்னுடுச்சு."

இன்றைக்கு பிரேக்கை அழுத்தியது. நாளைக்கு எதை அழுத்தும்? லீவு லெட்டர் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நிற்கிறது. பக்கத்து அறையில் மனைவி என் யூனிஃபார்மை இஸ்திரி போடுகிறாள், பாடிக்கொண்டே. நான் விழுந்த நாளுக்கப்புறம் அவள் பாடி இன்றுதான் கேட்கிறேன்.

காலை 5.30க்கு எனக்கு முதல் டிரிப்.