மஞ்சளறையில் வார்த்த முகவாய்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘மஞ்சளக்கா’ என்பார்கள். நாள் முழுக்க மஞ்சள் விளக்கு அறையில்தான் வேலை. அவள் கையாளும் ஜெலட்டின் கூழ் வெள்ளை வெளிச்சம் பட்டால் அச்சில் ஊற்றும் முன்பே இறுகித் தொலைக்கும். அச்சில் ஊற்றி நீல ஒளி காட்டினாலோ, ஒரு நிமிடத்தில் பஞ்சு போலத் துளைகளோடு ஒரு சட்டகம். உடைந்த எலும்பின் இடத்தில் அதை வைத்தால் துளைகளுக்குள் எலும்பு வளரும், சட்டகம் கரைந்துவிடும். இருபது வருஷமாக அவள் கை பிசகியதில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவளுடைய தம்பிகள் இருவரும் போன கார் கவிழ்ந்தது. பெரியவன் அங்கேயே போய்விட்டான். சின்னவனுக்கு முகவாய் நொறுங்கியது.

புது ஸ்கேன் இயந்திரம் வந்தால் வேலை செய்பவர்களின் வீட்டு ஆட்களை உட்கார வைத்துச் சோதிப்பது அங்கே வழக்கம். அப்படி எடுத்த இரண்டு படங்கள் கணினியில் இருந்தன: தம்பி 1, தம்பி 2. சின்னவன்தானே என்று, அழுதுகொண்டே இரண்டாவதைத் திறந்து, அந்த அளவில் அச்செடுத்துச் சட்டகம் வார்த்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் அதைச் சின்னவனுக்குப் பொருத்தினார். ஸ்கேன் எடுத்த அன்று முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் வந்து உட்கார்ந்தவன் சின்னவன் என்பது, கட்டுப் பிரித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சின்னவனின் கழுத்துக்கு மேலே பெரியவனின் முகவாய்.

அச்சு மாறிப்போனால் மாற்றி வைக்கலாமா என்று, வேறு யாருக்கோ கேட்பதுபோல டாக்டரிடம் கேட்டாள்.

“மூணு வாரத்துக்குள்ள சொன்னா எடுத்துட்டு வேற வைக்கலாம். அப்புறம் எலும்பு பிடிச்சிடும்மா.”

சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் சாவு விழுந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்த அம்மா, சின்னவனைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டாள். இந்த வயிற்றில் எப்படி மண்ணைப் போடுவது? நாளைக்கு, நாளைக்கு என்றே மூன்று வாரமும் ஓடிவிட்டது. பாவி, வாய் நீண்டவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை.

“அக்கா, ஷேவ் பண்றப்போ கண்ணாடியில அண்ணன் நிக்கிறான்” என்றான் சின்னவன். “எனக்குப் பயமா இருக்குக்கா. சிரிச்சாக்கூட அவன்தான் சிரிக்கிறான்.”

அதற்குள் அம்மா வந்து அவன் முகவாயைத் தடவினாள். விரல் எலும்போரமாக மெதுவாகப் போய் நின்றது. முகம் மலர்ந்தது.

“பெரியவனே, நீ வந்துட்ட. எனக்கு அது போதும்” என்றாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். “சின்னவன் எங்கடா? உன்கூடத்தானே கார்ல வந்தான்?”